189-ஆவது சுற்றில் நாங்கள் பார்க்கிங்கில் இருந்தோம்: பழைய இண்டி கார் நாட்கள், உங்கள் அனுபவம் என்ன?

லஃபாயெட்92:
முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது, அதனால் இங்கே கொட்டிவிடுகிறேன். 1992 இண்டி 500, இண்டியானாபோலிஸில் 200 சுற்று ஓடும் கார் பந்தயம். பர்டூ பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தேன், ஐந்து பேர் ஒரு ஓட்டைக் காரில் போனோம். அன்றைக்கு அடித்த குளிரைச் சொன்னால் மே மாதக் கடைசி என்று யாரும் நம்ப மாட்டார்கள். டயர் சூடே ஏறவில்லை, முதலிடத்தில் புறப்பட வேண்டிய குரேரோ பச்சைக் கொடி விழுவதற்கு முன்பே அணிவகுப்புச் சுற்றில் சுழன்று போய் இடித்துக்கொண்டார், அப்புறம் நாள் முழுக்க இடிதான். அப்பா மரியோ ஆண்ட்ரெட்டியும் இளைய மகன் ஜெஃப்பும் ஒரே மத்தியானத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மூத்த மகன் மைக்கேல் மட்டும் தனியாகப் பறந்துகொண்டிருந்தான். 160 சுற்று அவன்தான் முன்னால். பார்க்கவே சுவாரசியம் இல்லாத அளவுக்கு முன்னால்.

எங்களில் ஒருத்தனுக்குப் பல் கிட்டித்துவிட்டது. சரி, மைக்கேல் ஜெயிச்சாச்சு, கூட்டத்துக்கு முன்னால் கிளம்பிடலாம் என்றான். கிளம்பினோம். ஜார்ஜ்டவுன் ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டுப் புல்வெளியில் காசு கொடுத்து நிறுத்தியிருந்தோம், போய்ப் பார்த்தால் எங்கள் காருக்கு முன்னால் மூன்று வரிசை கார்கள். நகர முடியாது. திரும்பி உள்ளே போகவும் யாருக்கும் தெம்பில்லை. ஹீட்டரைப் போட்டு ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

அப்போதுதான், 189-ஆவது சுற்று, மைக்கேல் கார் நின்றுவிட்டது. ஃபியூவல் பம்ப். அப்புறம் மஞ்சள் கொடி, மறுபடி பச்சை, அல் அன்சர் ஜூனியருக்குப் பின்னால் ஸ்காட் குட்இயர், அதுவும் கடைசி இடமான 33-இல் இருந்து புறப்பட்டவர், ஒட்டிக்கொண்டே வருகிறார். முடிவில் வித்தியாசம் 0.043 விநாடி. அதுவரைக்கும் அந்தப் பந்தயத்தில் அதைவிட நெருக்கமான முடிவு கிடையாது. எனக்கு மறக்காதது என்னவென்றால், கூட்டத்தின் சத்தம் இரண்டு தடவை கேட்டது. ரேடியோவில் ஒன்று, கண்ணாடிக்கு வெளியே வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நிஜமாக ஒன்று, இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி. காருக்குள் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் உள்ளூரில் நேரலை காட்ட மாட்டார்கள், ராத்திரி டிவியில் போட்டபோது நான் பார்க்கவே இல்லை, தூங்குவதாகச் சொல்லிவிட்டேன்.

ஓடுதளம்:
இண்டி, இண்டி என்றே எல்லாரும் ஆரம்பிக்கிறீர்கள். கிளீவ்லாண்டை யாராவது நினைக்கிறீர்களா? ஏரிக்கரை பர்க் ஏர்போர்ட், விமானத்தையெல்லாம் நிறுத்திவிட்டு ஓடுதளத்திலேயே பந்தயம். நான் சின்ன வயதில் சோழவரத்தில் அப்பாவோடு பார்த்தவன், அதுவும் பழைய ஓடுதளம்தான், அதனால் உள்ளே நுழைந்ததுமே எனக்கு ஏதோ ஊருக்கு வந்த மாதிரி ஆகிவிட்டது. அகலமான தார், மேடு பள்ளம், ஸ்டாண்டில் உட்கார்ந்தால் கிட்டத்தட்ட முழுப் பாதையும் தெரியும். புறப்பட்டதும் மொத்தக் கூட்டமும் அந்த அகலத்திலிருந்து முதல் வளைவுக்குள் புனலில் ஊற்றின மாதிரி இறங்கும். நாலு கார் ஒரே சமயத்தில் ஒரே வளைவில் திரும்புவதை வேறெங்கே பார்க்க முடியும்?

1997-இல் பக்கத்தில் ஒரு பெரியவர். மடியில் அட்டை, அதில் கட்டம் போட்ட தாள், ஒவ்வொரு சுற்றுக்கும் எந்தக் கார் எந்த இடம் என்று பென்சிலால் எழுதிக்கொண்டே இருந்தார். தலையைத் தூக்கவே இல்லை. ஸனார்டி அபராதம் வாங்கிப் பின்னால் போய், அங்கிருந்து ஒவ்வொருத்தராகத் தாண்டி வந்துகொண்டிருந்தான். ஒரு கட்டத்தில் பெரியவர் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு அட்டையைக் கீழே வைத்துவிட்டார். அவ்வளவுதான். அதற்கு மேல் எழுதவில்லை, பார்க்க மட்டும் செய்தார். ஸனார்டி ஜெயித்தான். அந்தத் தாளைக் கேட்டு வாங்கியிருக்கலாம்.

பந்தயம் முடிந்தும் ரொம்ப நேரம் கண் எரிந்தது. அந்த எரிபொருள் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

மெதனால்மூக்கு:
ஓடுதளம் சார், கண் எரிந்தது அந்தக் கார்களின் எரிபொருளான மெதனாலின் வேலை. 1964 இண்டியில் ஓட்டுநர்கள் எடி சாக்ஸும் டேவ் மெக்டொனால்டும் பெட்ரோல் தீயில் செத்த பிறகுதான் எல்லாரும் மெதனாலுக்கு மாறினார்கள். தண்ணீர் ஊற்றினால் அணைந்துவிடும், அதுதான் சௌகரியம். ஆனால் பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. இதை நான் வகுப்பில் படித்திருக்கிறேன், படிப்பது வேறு.

மில்வாக்கி, ஒரு மைல் ஓவல் (முட்டை வடிவப் பாதை), கார்கள் எரிபொருள் நிரப்ப வந்து நிற்கும் பிட்டுக்கு எதிரில் இடம். எண்ணெய் நிரப்பிக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று இரண்டு கையையும் உதறிக்கொண்டு பின்னால் ஓடுகிறார். குளவி கொட்டிவிட்டது என்று நினைத்து நான் சிரித்துவிட்டேன், நிஜமாகவே சத்தமாகச் சிரித்தேன். புகை இல்லை, ஜுவாலை இல்லை. அவர் மேல் வாளி வாளியாகத் தண்ணீரைக் கொட்டினபோதுதான் ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் காற்று நெளிவது தெரிந்தது. அவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, கொஞ்ச நேரத்தில் வந்து வேலையைப் பார்த்தார். முன்வரிசை அம்மா ஒருத்தர் திரும்பி என்னைப் பார்த்த பார்வைதான் இன்னும் போகவில்லை.

இப்போது எத்தனால். 2007-இலிருந்து.

இருபத்தைந்துபேர்:
எல்லாரும் இனிப்பாகவே பேசுகிறீர்கள், அதைக் கெடுத்தது யார் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. இண்டியின் 33 இடத்தில் 25 இடத்தை, தான் புதிதாகத் தொடங்கிய ஐ.ஆர்.எல். பந்தயத் தொடர்க்காரர்களுக்கு ஒதுக்கியது இண்டி மைதானத் தலைவர் டோனி ஜார்ஜ். அதோடு முடிந்தது கதை. மே 26, 1996, இண்டி நடந்த அதே நாள், பழைய தொடரை நடத்திவந்த கார்ட் தனியாக மிச்சிகனில் யு.எஸ். 500 நடத்தியது, நான் போனேன். முந்தின வாரம் முழுக்க ஆபீஸில் ஒருத்தனிடம் பீற்றிக்கொண்டிருந்தேன், உண்மையான ஓட்டுநர்களெல்லாம் எங்கள் பக்கம், இண்டியில் ஓடப்போவது யாரென்றே தெரியாத பேர்கள், கொடி விழுந்ததும் மோதிக்கொள்ளப் போகிறார்கள், பார் என்று.

மிச்சிகனில் பச்சைக் கொடி விழுவதற்கு முன்பே முதல் வரிசை ஒன்றோடொன்று உரசிப் பத்துக்கும் மேற்பட்ட கார்கள் நாசம். உலகத்தின் சிறந்த ஓட்டுநர்கள்! மாற்றுக் காரை எடுத்துவர ஒரு மணி நேரம். இண்டியில் ஜெயித்தவர் பால் குடிப்பது வழக்கம், இங்கே கடைசியில் ஜெயித்த வாஸர் 'பால் யாருக்கு வேண்டும்' என்று கேட்டார், எனக்கு அதற்குக் கைதட்டவும் மனமில்லை. இண்டியில் முதுகெலும்பு முறிந்து ஆறிக்கொண்டிருந்த படி லேசியர் ஜெயித்துப் பால் குடித்தார். திங்கட்கிழமை லீவு. செவ்வாய் காலை என் மேசையில் ஒரு அரை லிட்டர் பால் பாக்கெட். அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஓடுதளம்:
இருபத்தைந்துபேர் தம்பி, பால் விஷயம் பிரமாதம், ஆனால் பழி முழுக்க ஒருத்தர் தலையில் போடாதீர்கள். கார்ட் என்பதே அணி முதலாளிகள் கூடி நடத்திய சங்கம். போட்டியிடுகிறவனே விதியும் போட்டால் எவன் அடுத்தவனுக்கு விட்டுக்கொடுப்பான்? செலவு ஏறிக்கொண்டே போனது. 94-இல் அணி முதலாளி பென்ஸ்கே விதியில் ஒரு ஓட்டையைப் பிடித்து மெர்சிடஸ் புஷ்ராட் (பழைய வகை) எஞ்சினை ரகசியமாகச் செய்து கொண்டுவந்தார், மற்றவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதை இன்றைக்கு நாம் பொற்காலம் என்கிறோம், அன்றைக்குப் பின்வரிசை அணிக்காரனுக்கு அது வயிற்றெரிச்சல். 2008-இல் இரண்டு தொடரும் சேர்ந்தபோது என் கிளீவ்லாண்ட் பட்டியலிலேயே இல்லை. அந்தக் கோபம் எனக்கும் உண்டு.

இருபத்தைந்துபேர்:
அப்போ ஒத்துக்கொள்கிறீர்கள் இல்லையா, சேர்ந்தபோது தோற்றது யார் என்று.

ஓடுதளம்:
நான் ஒன்றையும் ஒத்துக்கொள்ளவில்லை.

சிவப்புக்கையுறை:
சண்டைக்கு நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். கலிஃபோர்னியாவில் ஃபோன்டானா, 1999 அக்டோபர் 30, சனிக்கிழமை. ஓட்டுநர் கிரெக் மூர் பேடக்கில், அணிகள் தங்கும் இடத்தில், நடந்து வந்தார், வலது கையில் கட்டு. ஸ்கூட்டரில் போனபோது வண்டி இடித்துவிட்டது என்று பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். நான் அவருடைய 99-ஆம் எண் தொப்பியும் பேனாவும் வைத்துக்கொண்டு நின்றேன், மூன்றடி தூரம்தான். வலது கையாயிற்றே, வலிக்குமே, நாளைக்குப் பந்தயம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்று பேனாவை மூடிப் பையில் போட்டேன். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பத்தாவது சுற்று வாக்கில். எழுத வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். 24 வயதில் போய்விட்டார். அன்றைக்கு மொன்டோயாவும் ஃபிராங்கிட்டியும் ஆளுக்கு 212 புள்ளியில் சமமாகி, அதிக வெற்றி என்று மொன்டோயா அந்த வருஷப் பட்டம் வாங்கினார், யாரும் கொண்டாடவில்லை. தொப்பி வீட்டில் இருக்கிறது. வெறும் தொப்பி.

காதுஅடைப்பான்:
கஷ்டமாக இருக்கிறது, சிவப்புக்கையுறை.

என்னுடையது சின்ன விஷயம். 94-இல் இண்டி போனேன், முன்வரிசை டிக்கெட் என்று பெருமையாக வாங்கினேன், மூன்று மணி நேரம் ஒரு காரைக்கூட முழுசாகப் பார்க்கவில்லை, நிறங்கள்தான் போயின, இரண்டு நாள் காது அடைத்துக் கிடந்தது.

இதைப் படித்துவிட்டுப் போக நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். முன்வரிசை எடுக்கவே எடுக்காதீர்கள். இண்டி இரண்டரை மைல் ஓவல், எங்கே உட்கார்ந்தாலும் முழுசாகத் தெரியாது, அதனால் வளைவுப் பக்கத்தில், எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே எடுங்கள். காதுக்குப் பஞ்சு போதாது, உள்ளே ஃபோம் அடைப்பான், அதற்கு மேல் பெரிய காதுமூடி, குழந்தைகளுக்குக் கண்டிப்பாக இரண்டும். ஸ்கேனர் வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள், ஓட்டுநர் பிட்டோடு பேசுவதைக் கேட்டுக்கொண்டே பார்த்தால் பாதி விஷயம் அப்போதுதான் புரியும். சாப்பாட்டுப் பெட்டியை உள்ளே விடுவார்கள், அளவு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள், தயிர்சாதம் வேண்டாம், வெயிலில் புளித்துவிடும். ஒரு ஸ்வெட்டரும் வையுங்கள், முதல் பதிவைப் படித்தீர்கள் அல்லவா. வேறு பந்தயமும் பார்க்க வேண்டுமென்றால் விஸ்கான்சினில் எல்க்ஹார்ட் லேக் போங்கள், நாலு மைல் பாதை, மரத்தடியில் மடக்கு நாற்காலி போட்டுக்கொள்ளலாம், அலுத்தால் எழுந்து அடுத்த வளைவுக்கு நடக்கலாம், அந்த ஊர் பிராட்வர்ஸ்ட் சைவர்களைத் தவிர எல்லாருக்கும். மேற்குக் கரையில் இருந்தால் ஏப்ரலில் லாங் பீச். அப்புறம் முக்கியமாக, வீட்டுப் புல்வெளியில் நிறுத்தினால் உள்ளே தள்ளி நிறுத்தச் சொல்வார்கள், கேட்காதீர்கள், அஞ்சு டாலர் கூடக் கேட்டாலும் கொடுத்துவிட்டு ரோட்டோரமாக நிறுத்துங்கள்.

லஃபாயெட்92:
காதுஅடைப்பான், முப்பது வருஷம் முன்னால் சொல்லியிருக்கலாமே அண்ணே.

சும்மாபார்வை:
லஃபாயெட்92, உங்களுக்காகவே கணக்குத் திறந்தேன். 92-இல் நான் உள்ளேதான் இருந்தேன், முடிவுக் கோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, நல்ல இடம். மைக்கேல் நின்றதும் மொத்த ஸ்டாண்டும் எழுந்துவிட்டது, அதற்கப்புறம் ஒருத்தரும் உட்காரவில்லை. என் உயரம் ஐந்தடி மூன்றங்குலம். எனக்கு முன்னால் நீலக் கோட்டுப் போட்ட ஒரு ஆள், கதவு மாதிரி. கடைசிச் சுற்றில் நான் பெஞ்சில் ஏறி நின்றேன், அவரும் பெஞ்சில் ஏறிவிட்டார். இரண்டு கார் சத்தமும் ஒன்றாக வந்து ஒன்றாகப் போனது. யார் ஜெயித்தது என்று அவர் முதுகில் தட்டிக் கேட்டேன். தெரியவில்லை, தனக்கு முன்னால் ஒரு குடையை விரித்துவிட்டார்கள் என்றார்.