பலாக் கட்டை கிட்டார்: பைண்டிங் ஓரத்தில் ஸ்டெயின் ஏறவில்லை, உதவுங்கள்

புளியரைக்காரன்

வணக்கம். ஊர் புளியரை, செங்கோட்டை பக்கம். கொல்லையில் காற்றுக்குச் சாய்ந்த பலாவை அறுத்து, நான்கு வருடம் காயவைத்து, டெலிகாஸ்டர் வடிவில் எலெக்ட்ரிக் கிட்டார் செய்துகொண்டிருக்கிறேன். கட்டை 45 மி.மீ. கனம். மேல் விளிம்பைச் சுற்றி ரவுட்டரில் பள்ளம் எடுத்து, 6 மி.மீ. உயரம், 1.5 மி.மீ. கனமுள்ள வெள்ளை ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் பட்டையை (பைண்டிங்) இன்ஸ்டன்ட் பசையால் ஒட்டினேன். நேற்று ஸ்பிரிட்டில் கரைத்த சிவப்பு ஸ்டெயின் (மரச் சாயம்) போட்டேன். அதோடு சிக்கல் ஆரம்பித்தது.

பட்டையை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்குத் திட்டுத் திட்டாக மஞ்சள் மரம் அப்படியே தெரிகிறது. எத்தனை முறை தடவினாலும் சாயம் துணியோடு வந்துவிடுகிறது. வெள்ளைப் பட்டையோ ரோஸ் நிறமாகிவிட்டது. இடுப்பு வளைவில் ஓரிடத்தில் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே விசிட்டிங் கார்டு நுழைகிறது.

தின்னர் போட்டுத் துடைத்தால் பட்டை வெளுக்குமா? தாத்தா வைத்த மரம் இது. வேறு கட்டை வாங்கச் சொல்லிவிடாதீர்கள்.

புனலூர் ஆசாரி மகன்

தம்பி, தின்னரை முதலில் மூடி வையுங்கள். அது பட்டையைக் கரைத்து, சாயத்தை இன்னும் உள்ளே இழுத்துவிடும். ரோஸ் நிறம் மேல்தோலில்தான் இருக்கும், சுரண்டினால் போய்விடும். உடைந்த ஆக்சா பிளேடின் முதுகை அரத்தில் நேராகத் தீட்டிக்கொள்ளுங்கள். பட்டைமேல் ஏறக்குறைய செங்குத்தாக நிறுத்தி, உங்கள் பக்கமாக இழுங்கள். தேங்காய்த் துருவல் மாதிரி வெள்ளைச் சுருள் வரும். தூள் வந்தால் முனை மழுங்கிவிட்டது என்று அர்த்தம், மறுபடி தீட்டுங்கள். ஆனால் இதைக் கடைசியில் செய்யுங்கள், இப்போதே அல்ல. திட்டை முதலில் சரிசெய்ய வேண்டும்.

திட்டுக்குக் காரணம் பசை. பலா துளை பெரிய மரம், பசை தண்ணீராக ஓடி உள்ளே இறங்கியிருக்கும். அங்கே சாயம் குடிக்க மரத்துக்கு வாய் இல்லை. ஸ்கிரேப்பரால் மெதுவாகச் சுரண்டி, 150 நம்பர் உப்புத்தாள், பிறகு 220. இழை போகும் திசையிலேயே தேயுங்கள்.

புளியரைக்காரன்

அண்ணாச்சி, இரண்டு மணி நேரம் சுரண்டினேன். பாதித் திட்டு போய்விட்டது. மீதி ஆழமாக இருக்கிறது. இன்னும் சுரண்டினால் மேற்பரப்பில் பள்ளம் விழும் போலிருக்கிறது.

கொழிஞ்சாம்பாறை கிட்டார் ரிப்பேர்

அதற்குமேல் சுரண்டாதீர்கள் தம்பி. மீதியை மறைத்துவிடலாம். திட்டெல்லாம் ஓரத்தில்தானே? ஓரம் இருட்டாகவும் நடு வெளிச்சமாகவும் வருகிற சன்பர்ஸ்ட் அடியுங்கள். 1958-ல் கிப்சன் கம்பெனியின் லெஸ் பால் கிட்டார் இந்த நிறத்தில் வந்தது. ஓரம் அடர்ந்துவிட்டால் அடியில் இருக்கும் திட்டு கண்ணுக்குத் தெரியாது. அந்தக் காலத்து லெஸ் பால்களில் பலவற்றின் சிவப்பு வெயில்பட்டு வெளுத்துப்போனது, அதனால் வெளிச்சத்தைத் தாங்கும் டையாகக் கேட்டு வாங்குங்கள்.

சுரண்டிய இடத்தில் மறுபடி ஸ்டெயின் தடவிக் காயவிடுங்கள். பிறகு என்.சி. சீலர் (மரத்தின் துளையை அடைக்கும் அடிப்பூச்சு), மிக மெல்லிசாக, தூவினாற்போல. ஈரமாக அடித்தால் ஏ.பி.எஸ். பட்டையும் இளகும். அதன்மேல் லேக்கரில் (பளபளப்புப் பூச்சு) பழுப்பு டையைக் கலந்து, ஸ்பிரே துப்பாக்கியை வெளியிலிருந்து உள்நோக்கிச் சாய்த்து ஓரத்தில் மட்டும் அடியுங்கள். ஒரே கோட்டில் அடர்த்தி கொண்டுவர அவசரம் வேண்டாம், நாலைந்து கோட் ஆகட்டும். அது காய்ந்த பிறகுதான் அண்ணன் சொன்ன சுரண்டல். வெள்ளைக் கோடு பளிச்சென்று வெளியே வரும்போது பட்ட பாடெல்லாம் மறந்துவிடும்.

இடைவெளிக்கு, மிச்சப் பட்டையைச் சின்னதாக நறுக்கி, கண்ணாடிக் குப்பியில் அது மூழ்க அசிட்டோன் ஊற்றி ஒரு ராத்திரி வையுங்கள். இட்லி மாவுப் பதத்துக்கு வரும். ஹேர் டிரையரால் பட்டையைச் சூடாக்கி, மாவைக் குச்சியால் உள்ளே தள்ளி, பட்டையை அழுத்தி டேப் போடுங்கள். காயும்போது சுருங்கும், மறுநாள் இன்னொரு முறை நிரப்புங்கள். சீலருக்கு முன்னால் இதை முடித்துவிட வேண்டும். அடுத்த கிட்டாருக்கு இதையே பசையாகப் பயன்படுத்தினால் திட்டுத் தொல்லை குறையும். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், சிலவற்றில் அசிட்டோனே கிடையாது, எண்ணெயும் கலந்திருக்கும்.

புனலூர் ஆசாரி மகன்

ஒன்று விட்டுப்போயிற்று. உங்கள் பக்கம் இப்போது சாரல் நேரம். ஆரியங்காவு கணவாய்க் காற்று ஈரத்தோடு வரும்போது லேக்கர் அடிக்காதீர்கள். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படியும். பால் ஊற்றினாற்போல வெளுத்துப்போகும். வெயில் அடிக்கும் மத்தியான நேரம் பாருங்கள். காத்திருக்க முடியாவிட்டால் ரிட்டார்டர் கலந்துகொள்ளுங்கள், மெதுவாகக் காயும், வெளுப்பு குறையும்.

புளியரைக்காரன்

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். மாவு இரண்டு முறை நிரப்பினேன், இடைவெளி இருந்த இடம் எனக்கே தெரியவில்லை. மூன்று மத்தியானம் வெயில் கிடைத்தது. பர்ஸ்ட் ஐந்து கோட். நேற்று ராத்திரி சுரண்டினேன். கிட்டாரின் கொம்புபோல் நீண்ட மூலைப் பக்கம் கை நழுவி மரத்தில் ஒரு கீறல், அதைச் சின்ன பிரஷ்ஷில் டை தொட்டு மூடினேன். மற்றபடி சுற்றிலும் வெள்ளைக் கோடு, அதை ஒட்டிக் கரும்பழுப்பு, நடுவில் பலாவின் மஞ்சள் சிவப்போடு கலந்து ஆரஞ்சாகத் தெரிகிறது. அம்மா தொட்டுப் பார்த்து, "இது நம்ம கொல்லை மரமா?" என்று கேட்டார்.

அண்ணாச்சிக்கும் கொழிஞ்சாம்பாறைக்காரருக்கும் நன்றி. நிறமில்லாத மேல்பூச்சான கிளியர் கோட் இன்னும் அடிக்கவில்லை. காலையிலிருந்து தூறிக்கொண்டே இருக்கிறது.