10.8 கோடி டாலர் வாங்கியவர் திவால், பெஞ்சில் உட்கார்ந்தவர் பில்லியனர்: ஒழுக்கமா, நேரமா?

கணக்கு வாத்தியார்:
என்.பி.ஏ. என்கிற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கின் ஆட்டக்காரர்கள் ஓய்வுக்குப் பிறகு ஓட்டாண்டியாவதைப் பற்றிப் பேச்சு வந்தால் எனக்கு ரெண்டு பேர் ஞாபகம் வரும். அன்டுவான் வாக்கர், சம்பளமாக மட்டும் 10.8 கோடி டாலர் வாங்கியவர். 2006-ல் மயாமி ஹீட் அணியோடு கோப்பை, 2010-ல் திவால் மனு. இன்னொருவர் ஜூனியர் பிரிட்ஜ்மேன். 1975 முதல் 1987 வரை 12 சீசன், அதில் 10 மில்வாக்கி பக்ஸ் அணிக்கு. பெரும்பாலும் முதல் ஐவரில் இல்லாமல், மாற்று ஆளாகப் பெஞ்சிலிருந்து இறங்குகிற ஆறாவது ஆள். எந்த சீசனிலும் சம்பளம் 3.5 லட்சம் டாலரைத் தாண்டவில்லை. 2025 மார்ச்சில் இறந்தபோது பில்லியனர். வித்தியாசம் ஒழுக்கம்தான். மறுக்க முடிந்தால் மறுங்கள்.

பெஞ்ச் பெருமாள்:
மறுக்கிறேன் வாத்தியாரே. வாக்கரைக் கவிழ்த்தது சிகாகோ ரியல் எஸ்டேட். கடனுக்குத் தன் பேரிலேயே ஜாமீன் கையெழுத்து போட்டார், 2008-ல சந்தை சரிஞ்சுது, மொத்தமும் அவர் தலையில் விடிஞ்சுது. ஜாமீன் போட்டு வீட்டை இழந்தவனெல்லாம் ஒழுக்கங்கெட்டவனா?

கணக்கு வாத்தியார்:
லாஸ் வேகஸை அழகாகத் தாண்டிப் போகிறீர்கள். அங்கே கேசினோக்களுக்குக் கொடுத்த காசோலைகள் திரும்பி வந்து 2009-ல் கைதானாரே, அதுவும் சந்தை சரிந்ததாலா? பிரிட்ஜ்மேன் லீக் இல்லாத கோடையில் வெண்டிஸ் பர்கர் கடைக்குள் நின்று வேலை கற்றவர். பிறகு நூற்றுக்கு மேல் வெண்டிஸ், நூற்றுக்கு மேல் சில்லிஸ் உணவகங்கள். 2016-ல் பெரும்பாலானதை விற்றுவிட்டு கோகோ கோலா பாட்டிலிங்குக்குப் போனார். 2020-ல் எபனி, ஜெட் பத்திரிகைகளை வாங்கினார். 2024-ல் தான் ஆடிய அதே பக்ஸில் 10% பங்கு!

சும்மா எட்டிப்பார்த்தவன்:
ஓய்வு பெற்ற என்.பி.ஏ. ஆட்டக்காரங்கள்ல 60% பேர் அஞ்சே வருஷத்துல ஓட்டாண்டின்னு 2009-ல ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகைல வந்துச்சே?

பெஞ்ச் பெருமாள்:
தம்பி, அது ஒரு மதிப்பீடு. யாரும் வீடு வீடாப் போய் எண்ணலை. அதை விடுங்க, வாத்தியார் ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுட்டார். பிரிட்ஜ்மேன் ஆட்டக்காரர் சங்கத் தலைவரும்கூட. 1987-ல என்.பி.ஏ. மேல போட்ட வழக்குக்கு அவர் பேர்தான்: பிரிட்ஜ்மேன் எதிர் என்.பி.ஏ. டிராஃப்ட் (புது ஆட்டக்காரங்களை அணிகள் முறை வச்சு எடுத்துக்கறது), சம்பள உச்சவரம்பு, ஒப்பந்தம் முடிஞ்சும் ஆளை விடாத பழைய அணியோட உரிமை எல்லாத்தையும் எதிர்த்து. 1988 சமரசத்துலதான் மூத்த ஆட்டக்காரங்க இஷ்டப்பட்ட அணிக்குப் போக வழி பிறந்துது. அந்த வருஷமே டாம் சேம்பர்ஸ்ங்கிற ஆட்டக்காரர் சியாட்டில் அணியை விட்டு ஃபீனிக்ஸ் அணிக்குப் போனார். உழைப்பும் சிக்கனமும் போதும்னு நம்புற மனுஷன் கோர்ட்டுக்கு ஏன் போறார்?

கணக்கு வாத்தியார்:
வழக்கை நான் சொல்லாமல் விட்டது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சமரசம் வந்தபோது அவர் ஆட்டத்தையே விட்டிருந்தார். பலன் பின்னால் வந்தவர்களுக்கு, வாக்கருக்கும் சேர்த்து. அந்தப் பணத்தில் ஒரு டாலர்கூடத் தொடாமல் ஜெயித்தவர் அவர். என் கட்சிக்குத்தான் வலு சேர்த்திருக்கிறீர்கள்.

பெஞ்ச் பெருமாள்:
பணம் வரலை, பேர் வந்துதே! 12 சீசன் மில்வாக்கியிலும் கிளிப்பர்ஸ் அணியிலும் ஆடின ஆளுக்கு வங்கிக் கதவு திறக்கறதும், ரெண்டு சீசன்ல முட்டி போய் வீட்டுக்குப் போனவனுக்குத் திறக்கறதும் ஒண்ணா? 1975-ல நட்சத்திர ஆட்டக்காரர் கரீம் அப்துல் ஜப்பாரை லேக்கர்ஸ் அணிக்கு அனுப்பி, பதிலுக்கு மில்வாக்கி வாங்கின நாலு பேர்ல இவரும் ஒருத்தர். அந்த ஊர்ல அவரைத் தெரியாதவன் கிடையாது.

சும்மா எட்டிப்பார்த்தவன்:
அப்போ வாக்கர் கதை முடிஞ்சுதா?

பெஞ்ச் பெருமாள்:
எங்க முடிஞ்சுது? 2013-க்குள்ள அந்தத் திவால் வழக்கை முடிச்சு வெளிய வந்துட்டார். இப்ப இளம் ஆட்டக்காரங்களுக்குப் பணத்தைப் பத்திப் பாடம் எடுக்கிறார்.

கணக்கு வாத்தியார்:
பிரிட்ஜ்மேனின் பாடம் கடைக்குள்ளே நடந்தது. நான் சேர்வதானால் அந்த வகுப்பில்தான் சேர்வேன்.

பெஞ்ச் பெருமாள்:
நான் வாக்கர் வகுப்புல. ஜாமீன் பத்திரம் பத்தி அவரைக் கேக்க எனக்கு நாலு கேள்வி இருக்கு.