கேபின் ஃபில்டருக்குக் 'காற்றரி' சரிவருமா?

உச்சிப்புளியிலிருந்து

> 'அறைக் காற்று வடிகட்டி' இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

கீழக்கரை ஐயாவுக்கு வணக்கம். வண்டிக்குள் வருகிற காற்றின் தூசியைப் பிடிக்கிற கேபின் ஃபில்டருக்குக் 'காற்றரி' என்று நான் புதுப்பெயர் சொன்னதற்கு நீங்கள் கேட்ட கேள்வி நியாயந்தான். பட்டறையில் நடந்ததைச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன்.

போன வாரம், தனுஷ்கோடிக்கு ஆள் ஏற்றுகிற வேன் ஒன்று வந்தது. "புளோவர நாலுல வச்சாலும் காத்து வரலண்ணே. வந்தாலும் ஈரச்சாக்கு வாடை" என்றார் ஓட்டுகிற தம்பி. கிளவ் பாக்ஸைத் திறந்து, இரண்டு பக்கச் சுவரையும் உள்பக்கமாக அமுக்கி, ஓரத்துக் கயிற்றைக் கழற்றித் தொங்கவிட்டேன். பின்னால் ஒரு பிளாஸ்டிக் மூடி. கிளிப்பைத் தள்ளி ஃபில்டரை உருவினால், மழையில் நனைந்து காய்ந்த நோட்டுப்புத்தகம் மாதிரி மடிப்போடு மடிப்பு ஒட்டிக் கிடக்கிறது.

"மாசாமாசம் கழுவித்தானே மாட்டுறேன்!" என்கிறார்.

வீட்டில் ஸ்பிளிட் ஏசியின் வலையைக் குழாயடியில் கழுவிக் காயவைப்பதைப் பார்த்துப் பழகியவர். அதற்கும் பெயர் ஏசி ஃபில்டர், இதற்கும் பெயர் ஏசி ஃபில்டர். அங்கே இருப்பது பிளாஸ்டிக் வலை, கழுவலாம். இங்கே இருப்பது நெய்யாத நார்த்துணி. பெரும்பாலானவற்றில் அந்த நாருக்கு மின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள், பொடித்தூசியை இழுத்துப் பிடிப்பதில் பெரிய பங்கு அதற்குத்தான். தண்ணீர் பட்டால் அந்தப் பிடிப்பும் போகும், மடிப்பும் குலையும். கம்ப்ரசரை வைத்து ஊதினால் நார் விலகி ஓட்டை விழும். தட்டிவிட்டு ஓட்டுவது அவசரத்துக்கு. மற்றபடி மாற்றத்தான் வேண்டும்.

எஞ்சினுக்குப் போகிற ஏர் ஃபில்டரோடு இதைக் குழப்புகிறவர்களும் உண்டு. அது பானெட்டுக்கு அடியில் இருக்கிறது, இது நம் மூக்குக்கு. பில்லில் 'ஃபில்டர் மாற்றியது' என்று மொட்டையாக எழுதினால் எது என்று யாருக்குத் தெரியும்? என் மச்சான் ஓர் இடத்தில் சர்வீஸ் விட்டுவிட்டு இரண்டும் புதிது என்று நம்பி ஒரு வருஷம் ஓட்டினான். திறந்து பார்த்தபோது உள்ளே சீமைக்கருவேல இலை மெத்தை.

ஆகவே பெயர் நான்கு பேரைச் சரியான வேலைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது என் கட்சி. 'வடிகட்டி' என்றதும் எனக்கு டீக்கடைதான் கண்ணில் வருகிறது. வடிகட்டியைக் கழுவித்தானே வைப்போம்? தவிர, வடிவது கஞ்சி, வடிவது பதநீர். காற்று எங்கே வடிகிறது? என் அம்மா உலை வைக்கும்முன் அரிக்கஞ்சட்டியில் அரிசியை அலைத்து அலைத்து அரிப்பார். அரிசி கைக்கு வரும், கல் சட்டியில் தங்கும். அந்த 'அரி'யை எடுத்துக் காற்றரி என்று வைத்தால்? வண்டிக்குள் இருப்பது அகக் காற்றரி, எஞ்சினுக்கு உள்ளது பொறிக் காற்றரி.

கீழக்கரையிலிருந்து

தம்பி, நீங்கள் சட்டியில் கண்டெடுத்தது பழைய சரக்கு. நன்னூல் கடைமாணாக்கனுக்குச் சொல்லும் உவமைகளில் இல்லிக்குடம், ஆடு, எருமை ஆகியவற்றோடு 'நெய்யரி'யும் வருகிறது. நெய்யரி என்றால் பன்னாடை. தென்னை, பனை மட்டையின் அடியில் துணிபோலப் பின்னிக் கிடக்குமே, அதுதான். அதில் நெய்யை அரித்தால் நல்ல நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். இதைச் சொல்லி எத்தனை பிள்ளைகளைத் திட்டியிருப்பேன்! வகுப்பில் குற்றமாகத் தெரிந்த குணம் உங்கள் வண்டியில் வேலையாகவே இருக்கிறது. நெய்யரி இருக்கும்போது காற்றரிக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்க வேண்டியதில்லை.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. புவியியல் பாடத்தில் 'காற்றரிப்பு' என்று படிக்கிறார்கள், காற்று மண்ணை அரித்துக்கொண்டு போவது. நம் கரையில் அரிப்பு என்றாலே கடலரிப்பு, இல்லாவிட்டால் உப்பு தின்ற கம்பி. நெய்யரி என்பது நெய்யை அரிப்பது, இரண்டாம் வேற்றுமை. காற்றரிப்பு காற்றால் அரிப்பு, மூன்றாம் வேற்றுமை. இலக்கணம் இரண்டுக்கும் இடம் தரும். தனுஷ்கோடி மணலில் நிற்பவன் காது தருமா?

வேதியியல் கூடத்தில் 'வடிதாள்' என்ற சொல் பல காலமாகப் புழங்குகிறது. ஒருமுறை பயன்படுத்திவிட்டுத் தூக்கிப் போடுகிற பொருள். 'காற்று வடிதாள்' என்றால், கழுவாதே என்பதும் பெயரிலேயே வந்துவிடுகிறது அல்லவா?

மண்டபத்திலிருந்து

ஐயா, அண்ணே, ரெண்டு பேருக்கும் வணக்கம். பன்னாடைன்னே வச்சிடுங்களேன். சாயல்குடிப் பக்கம் எங்க மாமா பதநீரை அதுலதான் வடிப்பார். "வண்டிப் பன்னாடை மாத்தியாச்சா"ன்னு கேட்டா வீட்டுக்காரர் கோவிச்சுக்குவாரு, அவ்வளவுதான்.

எனக்கு ஒரு சந்தேகம். வாரத்துக்கு ரெண்டு தடவை கருவாடு ஏத்திக்கிட்டு இராமநாதபுரம் போறேன். கரி போட்ட ஃபில்டர்னு ஒண்ணு இருக்காமே, வாடையை நிறுத்துமா? அது நம்ம ஊர் கரிமூட்டத்துக் கரிதானா? அதுக்கும் பேரு வைக்கணும்ல.

உச்சிப்புளியிலிருந்து

அக்கா, கரி அதே இனம், படிப்புதான் வேற. கரிமூட்டத்தில் வெந்தது அடுப்புக்கு. ஃபில்டரில் தூவுவதைக் கிளர்வூட்டிய கரி என்கிறார்கள். தேங்காய்ச் சிரட்டையிலும் செய்கிறார்கள். கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளைத் திறந்துவிடுவது அதன் பக்குவம். வாடைக்குக் காரணமான ஆவி அந்தத் துளைகளில் ஒட்டிக்கொள்கிறது. துளை நிறைந்ததும் வேலை முடிந்தது. வெளியிலிருந்து வருகிற புகை, சாக்கடை நாற்றத்துக்கு நல்லது. கருவாட்டை வண்டிக்குள்ளேயே ஏற்றினால் எந்தக் கரியும் தாங்காது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பெயர் 'கரிக் காற்றரி' என்றே இருக்கட்டும்.

ஐயா, வடிதாள் எனக்கும் பிடித்தது. இரண்டு நாள் பட்டறையில் சொல்லிப் பார்த்தேன். இடிக்கிற இடம் ஒன்று. தாள் என்றதும் பையன் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் செருகலாம் என்று நினைத்துவிட்டான். இதற்குத் திசை உண்டு. சட்டத்தில் காற்று போகிற பக்கம் அம்புக்குறி அச்சிட்டிருக்கும். பல அடுக்கு வைத்ததில் சொரசொரப்பான முகம் பெருந்தூசியை முதலில் வாங்கவேண்டும், மென்மையான அடுக்கு பிறகு. தலைகீழாகப் போட்டால் மென்மையான பக்கம் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பழையதை உருவும்போதே அம்பு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளச் சொல்வேன். ஆனால் முன்னால் யாராவது தவறாகப் போட்டிருந்தால் நாமும் அதே தவறைத் தொடர்வோம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 15,000 அல்லது 20,000 கிலோமீட்டர், இல்லாவிட்டால் வருஷத்துக்கு ஒருமுறை என்று பல கையேடுகளில் போட்டிருக்கும். தூசி ரோட்டுக்கு அதற்கும் முன்பே. எங்கள் பக்கம் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை போய்வருகிற வண்டிக்கு நான் ஆறு மாதம் என்பேன். மணல் மட்டும் காரணமில்லை. உப்பு ஈரத்தை இழுக்கும். உப்பேறிய ஃபில்டர் காய்வதே இல்லை, பூஞ்சை பிடிக்கும், அந்த ஈரச்சாக்கு வாடை அங்கிருந்துதான் வருகிறது. அதை மாற்றாமல் ஓட்டினால் கண்ணாடியில் படிகிற ஆவியும் சீக்கிரம் போகாது, அடைத்த ஃபில்டர் வழியாகக் காற்று போதிய அளவு வருவதில்லையே. ஃபில்டரே இல்லாமல் ஓட்டினால் தூசி நேராகக் கூலிங் காயிலில் படியும். சில சின்ன கார்களில் கம்பெனியிலேயே ஃபில்டர் வைக்காமல் வெறும் மூடியைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். மூடியைக் கழற்றிவிட்டு ஒன்று வாங்கிச் செருகலாம், இடம் இருக்கும்.

பெயர் விஷயம். காற்றரிப்பு என்ற குழப்பத்தை ஐயா சொன்ன பிறகு எனக்கும் காதில் விழத்தான் செய்கிறது. ஆனால் 'அக' சேர்ந்தால் மணல் பறக்கிற நினைப்பு வருவதில்லை. நேற்று அந்த வேனுக்குப் புதிதாகப் போட்டு, ஜாப் கார்டில் 'அகக் காற்றரி மாற்றியது, கழுவக் கூடாது' என்று எழுதிக் கொடுத்தேன். தம்பி எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"காத்தரியா? அரிச்சதெல்லாம் எங்க போவுது?"

பழையதை விரித்துக் காட்டினேன். மடிப்புக்குள் வெள்ளை மணல், கருவேல இலைத்துணுக்கு, ஒரு கொக்குச் சிறகு. "எங்கயும் போகல, இந்தா இருக்கு" என்றேன்.

அதைச் செய்தித்தாளில் சுற்றித் தரச்சொல்லி வாங்கிக்கொண்டு போனார், முதலாளியிடம் காட்ட.