ஊருக்கு இடம் எழுதிக்குடுத்தவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க (ராம்நாடு கடற்கரைப் பக்கம்)

மண்டபம் மைந்தன்:
நானே ஆரம்பிக்கிறேன். ரோட்டோரமா இருந்த 5 சென்ட எங்க அப்பா பேரூராட்சிக்குக் குடுத்தார், அதுல ஒரு நல்லதண்ணிக் கிணறு இருக்கு, நம்ம பக்கம் நாலடி தள்ளித் தோண்டுனாலே உப்பாக் கெடக்கும்னு எல்லாருக்கும் தெரியும், அதனால அந்தக் கிணறு நம்ம வேலிக்குள்ள அடஞ்சு கெடக்கக்கூடாதுன்னு அவருக்கு அப்பிடி ஒரு பிடிவாதம். நான் இருக்கும்போதே முடிச்சிருங்கடான்னு சொல்லிக்கிட்டே இருப்பார். அது எவ்வளவு சரியான பேச்சுன்னு வக்கீல்ட்ட போனப்பதான் புரிஞ்சுச்சு. 1882 சொத்து மாற்றுச் சட்டத்துல 122வது பிரிவு, தானம் குடுக்குறவர் உயிரோட இருக்கும்போதே வாங்குறவங்க அத ஏத்துக்கணும், இல்லன்னா செல்லாது. சரி, பேரூராட்சின்னா அது ஒரு ஆளா என்ன, அது ஏத்துக்கிச்சுன்னு எத வச்சு சொல்றது? மன்றத் தீர்மானம்தான். மொதல்ல மனு, கூட மூலப்பத்திரம், வில்லங்கம், பட்டா எல்லாம் வச்சுக் குடுத்தோம், அப்புறம் மன்றக் கூட்டத்துல பொருளா வச்சு நிறைவேத்துனாங்க.

அதுக்கு முன்னாடி சர்வேயர் வந்து அளந்தார், அதச் சொல்லியே ஆகணும். புலப்படத்துல மூலைக்கல்லு இருக்கு, தரையில காணோம். கருவேலம் புதரு, மேல காத்து கொண்டுவந்து கொட்டுன மணலு. அப்பா சேர் போட்டு உக்காந்துக்கிட்டு, அந்தப் பனையிலருந்து கெழக்க குத்துங்கன்னு கை காட்டுறார், கடப்பாறைய எறக்குனா ஒரு எடத்துல டங்குன்னு சத்தம், கல்லு முழங்கால் ஆழத்துல கெடக்கு. சர்வேயரே சிரிச்சுட்டார்.

பத்திரத்துல தீர்மான நம்பரையும் தேதியையும் எழுதி, செயல் அலுவலரே ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வந்து பேரூராட்சி சார்பா ஏத்துக்கிட்டதா கையெழுத்துப் போட்டார். ரெண்டு சாட்சி கட்டாயம், அது 123வது பிரிவு. அப்புறம் உட்பிரிவு பண்ணி பட்டா பேரூராட்சி பேருக்கு மாறுனதும்தான் அப்பா நிம்மதியானார்.

கீழக்கரைப் பொண்ணு:
உங்க அப்பா புண்ணியவான் அண்ணே. எங்க வாப்பாவும் தெருவுக்கு வழி விட்டாங்க, ஆபீஸ்ல ஒரு லெட்டர் குடுத்தாங்க, சால்வை போட்டு போட்டோ எடுத்தாங்க, அதோட நின்னு போச்சு. வாப்பா மவுத்தானதுக்கு அப்புறம் பாத்தா பட்டா இன்னும் அவங்க பேருலயே இருக்கு. நம்மள்ள ஹிபா (இஸ்லாமிய முறைப்படி குடுக்குற தானம்) வாய்வார்த்தையாவே செல்லும், அதே சட்டத்துல 129வது பிரிவுல விலக்கு இருக்குன்னு எங்க மாமா சொன்னாங்க, வக்கீலும் அது சரிதான்னாரு, ஆனா ஹிபாவுக்கும் குடுத்தேன்னு சொல்லணும், வாங்குறவங்க ஏத்துக்கணும், இடத்தக் கையில ஒப்படைக்கணும், இந்த மூணும் வேணுமே. ஏத்துக்கிட்டதுக்கு ஒரு துண்டுக் காகிதம் கூட இல்ல, ஏன்னா தீர்மானமே போடல. இத்தன வருசமா அந்த வழியில லைட்டும் இல்ல, பேவர் பிளாக்கும் இல்ல, கேட்டா தனியார் பட்டா இடத்துல எப்பிடிப் போடுறதுங்குறாங்க, வயிறு எரியும்.

அப்புறம் வாரிசு எல்லாருமா எழுதிக்குடுத்தோம். காக்கா (எங்க அண்ணன்) சவுதியில இருக்காங்க, தூதரகத்துல பவர் பத்திரம் எழுதி அனுப்புனாங்க. இதே மாதிரி செய்றவங்க கவனிங்க, வெளிநாட்டுல எழுதுன பவர் இங்க வந்து சேந்த 3 மாசத்துக்குள்ள முத்திரைத்தீர்வை கட்டிறணும். இந்தத் தடவ தீர்மானம் போட்டு, பத்திரம் முடிஞ்சிருச்சு, அல்ஹம்துலில்லாஹ்.

தொண்டி ரோடு:
எங்களது வேற கதை, நாங்க குடுத்தவங்க இல்ல, பிளாட் வாங்குனவங்க. லேஅவுட்டுக்கு அனுமதி கேக்குறப்பயே ரோட்டையும் பூங்கா இடத்தையும் தானப் பத்திரமா எழுதி உள்ளாட்சிக்குக் குடுத்திறணும். தமிழ்நாடு 2019 கட்டட விதிப்படி, ரோடு போக 3000 சதுர மீட்டருக்கு மேல இருந்தா 10 சதவீதம் பொது இடம், 10,000 வரைக்கும் அதுக்குப் பதிலா காசாக் கட்டலாம், அதையும் தாண்டிருச்சுன்னா இடமாத்தான் குடுக்கணும். எங்க நகர்ல பூங்கான்னு வரைபடத்துல இருக்குற இடத்துல ஒருநாள் காலைல கயிறு கட்டி சுண்ணாம்புக் கோடு போட்டுக்கிட்டு இருக்காங்க! ஆன்லைன்ல வில்லங்கம் போட்டுப் பாத்தோம், தானப் பத்திரம் பதிவாகி இருக்கு, ஆனா பட்டா இன்னும் லேஅவுட் போட்டவர் பேருல. பத்திரம் வாங்குன ஆபீஸ் அத ஃபைலுக்குள்ள வச்சுட்டு மறந்துருச்சு. எல்லாரும் சேந்து பத்திர நகல், வில்லங்கம், லேஅவுட் வரைபடம் மூணையும் வச்சு தாசில்தார்ட்ட மனு குடுத்து பட்டாவ மாத்த வச்சோம், இப்ப அங்க பேரூராட்சி போர்டு நிக்குது, சாயந்தரம் பிள்ளைங்க விளையாடுதுங்க.

சாயல்குடி தம்பி:
மண்டபம் அண்ணே, நாங்களும் ஊருணிக்கரையில கொஞ்சம் இடம் குடுக்கலாம்னு இருக்கோம். சரியா பாத்துக்கலன்னா திருப்பி எடுத்துக்குவோம்னு எழுதலாமா?

மண்டபம் மைந்தன்:
தம்பி, எங்க இஷ்டத்துக்குத் திருப்பி எடுத்துக்குவோம்னு எழுதுனீங்கன்னா 126வது பிரிவுப்படி அந்த தானமே செல்லாமப் போயிரும், அந்த மாதிரி வரியே வேணாம். என்ன காரியத்துக்குக் குடுக்குறோம்னு தெளிவா எழுதுங்க, எங்க பத்திரத்துல பொதுமக்கள் குடிநீர்த் தேவைக்குன்னு இருக்கு, அதே வாசகத்த தீர்மானத்துலயும் போடச் சொன்னோம், போட்டாங்க. தீர்மான நகல் கைக்கு வந்ததும் பத்திர டிராஃப்ட்டோட வச்சு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்க, சர்வே நம்பர்ல ஒரு எழுத்து மாறுனாலும் பிழைதிருத்தல் பத்திரம் போட மறுபடி அலையணும்.