ரோம்ல குரூப் டூர் முதல் நாள் சாயங்காலம்: வெல்கம் டின்னருக்கு போகணுமா, இல்ல ட்ரெவி போகலாமா?

வைகைக்கரை:
வணக்கம் மக்களே, ஜூன்ல அப்பா அம்மாவோட இத்தாலி குரூப் டூர் போறோம், சென்னைலருந்தே டூர் மேனேஜர் கூட வர்றார். மதியம் ரெண்டு மணிக்கு ரோம் ஃபியுமிசினோ ஏர்போர்ட்ல இறங்குறோம். ஐடினரில அன்னிக்கு சாயங்காலம் ஓய்வு, 7.30க்கு வெல்கம் டின்னர்னு மட்டும் தான் போட்டிருக்கு. மறுநாள் காலைல வாட்டிகன், மதியம் கொலோசியம், அதுக்கு அடுத்த நாள் விடிஞ்சதும் ஃப்ளாரன்ஸ் கிளம்பிடுவோம். ட்ரெவி ஃபவுண்டன் "நேரம் இருந்தால்" லிஸ்ட்ல இருக்கு, அப்பாவுக்கோ அத பாக்கணும்னு ரொம்ப வருஷத்து ஆசை. டின்னரை விட்டுட்டு நாங்க மூணு பேரும் தனியா போய்ட்டு வந்தா குரூப்ல தப்பா நினைப்பாங்களா? அம்மா சைவம், முட்டையும் சேர்க்க மாட்டாங்க. ஹோட்டல் டெர்மினி ஸ்டேஷன் பக்கம்னு சொல்றாங்க.

கொங்குநாடன்:
டின்னரை விட்டுடாதீங்க, சாப்பாட்டுக்காக சொல்லல. மறுநாள் எத்தனை மணிக்கு கீழ வரணும், பாஸ்போர்ட் எடுத்துட்டு வரணுமா, வாட்டிகன்ல தோளும் முட்டியும் மூடின டிரஸ் போடணும், கைடு பேசுறத கேக்குற காது மெஷினை எப்படி மாட்டுறது, எல்லாம் அங்க தான் சொல்வாங்க. அம்மா சாப்பாட்டு விஷயத்தை மேனேஜர்கிட்ட நேர்ல அழுத்தி சொல்ல வேண்டிய இடமும் அதுதான். ஜூன்ல அங்க எட்டே முக்கால் வரைக்கும் வெளிச்சம் இருக்கும், அதனால சாப்டுட்டே போகலாம். டெர்மினில மெட்ரோ ஏ லைன் ஏறினா ரெண்டாவது ஸ்டாப் பார்பெரினி, அங்கருந்து இறக்கத்துல பத்து நிமிஷ நடை.

மரகதம் (ரோம்):
நான் இங்கயே இருக்கேன். ட்ரெவிய ராத்திரி விளக்கு வெளிச்சத்துல பாக்குறது தான் அழகு, அப்பாவ கண்டிப்பா கூட்டிட்டு போங்க. 1762ல கட்டி முடிச்சது, ஆனா அதுல விழுற தண்ணி வர்ற வழி அக்ரிப்பாங்கற ரோமானிய தளபதி காலத்துல கி.மு. 19ல போட்ட கால்வாயோடது, அத நினைச்சுக்கிட்டு பாருங்க. அங்கருந்து பத்து நிமிஷத்துல பாந்தியன்ங்கற பழைய ரோமானியக் கோயில், இன்னும் கொஞ்சம் நடந்தா நவோனா சதுக்கம். அங்க பெர்னினிங்கற சிற்பி செஞ்ச நாலு நதி ஃபவுண்டன்ல நம்ம கங்கையும் ஒரு ஆள் உருவத்துல கைல துடுப்போட உக்காந்திருக்கு, நம்ம ஊர்க்காரங்க நிறைய பேர் அது தெரியாமலே கடந்து போறாங்க. தெருமுனைல இருக்கற சின்ன குழாய்ல வர்றது நல்ல குடிதண்ணி, பாட்டில் வாங்க வேணாம். ஸ்பானிஷ் படிக்கட்டுல உக்காந்தா ஃபைன் போடுவாங்க, கால் வலிச்சாலும் அங்க வேணாம். மெட்ரோலயும் ட்ரெவி கூட்டத்துலயும் பர்ஸை முன்னாடி வச்சுக்கோங்க.

அம்மாவுக்கு: ஸ்பகெட்டி, பென்னே மாதிரி காய்ஞ்ச பாஸ்தால வழக்கமா முட்டை கிடையாது, ஃபெத்துச்சினே மாதிரி ஃப்ரெஷ் பாஸ்தால இருக்கும். கார்பொனாரா, அமாத்ரிச்சானான்னு வர்ற பாஸ்தா ரெண்டுலயும் பன்னி இறைச்சி. காய்கறி சூப்னு நம்பி மினெஸ்த்ரோனே வாங்காதீங்க, சில இடத்துல கறி வேகவச்ச தண்ணில செய்வாங்க. பர்மெசான் சீஸ்ல கன்னுக்குட்டி வயித்துலருந்தும், பெக்கொரினோ ரொமானோ சீஸ்ல ஆட்டுக்குட்டி வயித்துலருந்தும் எடுக்கற ரென்னெட் (பாலை உறைய வைக்கறது) சேருது, ரொம்ப கண்டிப்பா இருக்கறவங்க அதையும் தவிர்க்கணும். "சென்ஸா கார்னே, சென்ஸா ஊவோ"னு சொன்னா கறி, முட்டை ரெண்டும் வேணாம்னு புரிஞ்சுக்குவாங்க.

வைகைக்கரை:
ரொம்ப நன்றிங்க! ஆனா இப்ப தான் வவுச்சர் வந்துச்சு, ஹோட்டல் டெர்மினி பக்கமே இல்ல, ஊரைச் சுத்தி ஓடுற ரிங் ரோட்டுக்கு வெளிய இருக்கு. நம்ம டூர் பஸ் (கோச்) லயே ட்ரெவிக்கு கொண்டு விட சொல்லலாமா?

பழைய டூர் மேனேஜர்:
கோச் கிடைக்காதும்மா, அது மேனேஜர் மனசு வச்சா நடக்கற காரியம் இல்ல. ஐரோப்பாவுல டிரைவருக்கு ஒரு நாள் வேலை முடிஞ்சா பொதுவா 11 மணி நேரம் ஓய்வு கொடுத்தாகணும், எல்லாம் வண்டில இருக்கற மெஷின்ல பதிவாகும். மறுநாள் காலை 7க்கு வண்டி எடுக்கணும்னா முந்தின ராத்திரி 8க்கே அவர் நிறுத்திடணும். அதோட பழைய ரோம் தெருக்களுக்குள்ள பெரிய கோச்சை விடவும் மாட்டாங்க.

ஹோட்டல் அவ்வளவு தூரம்னா முதல் நாள் ட்ரெவி வேணாம்னு தான் நான் சொல்வேன். ராத்திரி 9 மணின்னா அப்பா அம்மா உடம்புக்கு அது நம்மூர் பன்னெண்டரை, ஃப்ளைட்ல வேற சரியா தூங்கியிருக்க மாட்டாங்க. டின்னர் முடிச்சு படுக்க வைங்க. மறுநாள் கொலோசியம் முடியற இடத்துலயே குரூப்பை விட்டு பிரியுங்க, எதிர்லயே மெட்ரோ பி லைன், ரெண்டாவது ஸ்டாப் டெர்மினி, அங்க ஏ லைன் மாறி பார்பெரினி. திரும்ப ஸ்டாண்டுல இருக்கற வெள்ளை டாக்ஸி, மீட்டர் போட சொல்லுங்க. இதை முதல் நாள் டின்னர்லயே மேனேஜர்கிட்ட சொல்லிட்டு அவர் நம்பர், ஹோட்டல் கார்டு ரெண்டும் வாங்கி வச்சுக்கோங்க. முன்கூட்டியே சொன்னா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க, சொல்லாம காணாம போனா தான் மொத்த குரூப்பும் கோச்ல காத்துக்கிட்டு உக்காந்திருக்கும்.

ஆனா டின்னரே ஊருக்குள்ள இந்தியன் ரெஸ்டாரண்ட்லன்னா கதை வேற. அது எங்கன்னு இப்பவே ஆபீஸ்ல கேட்டுடுங்க, டெர்மினி பக்கமா இருந்து அப்பாவும் தெம்பா இருந்தா சாப்டுட்டு அப்படியே போய்ட்டு டாக்ஸில ஹோட்டல் வந்துடலாம்.

வைகைக்கரை:
நாளைக்கே கேக்கறேன் சார். அப்பாகிட்ட கங்கை விஷயம் சொன்னேன், இப்ப நவோனாவும் போகணும்ங்கறார்!

மரகதம் (ரோம்):
தாராளமா போகலாம். ஏடிஎம்ல நோட்டு தான் வரும், ட்ரெவி தண்ணில காசு போடறது ஒரு வழக்கம், அப்பாவுக்கு அதுக்கு நாணயம் முன்னாடியே மாத்தி வைங்க. ஃபவுண்டனுக்கு முதுகு காட்டி வலது கையால இடது தோளுக்கு மேல போடணும். அந்த காசெல்லாம் காரிதாஸ்ங்கற கத்தோலிக்க தொண்டு நிறுவனம் மூலமா ஏழைங்களுக்கு தான் போகுது.