மலைக் கிராமத்திலிருந்து வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு இறங்க முடியவில்லை, வழி உண்டா?

மலையடிவாரம்:
ஜவ்வாது மலையில் இருக்கும் ஒரு சிறுநீரக நோயாளிக்காகக் கேட்கிறேன். வயது 46, எடை 50 கிலோ. முதல்வர் காப்பீட்டில் டயாலிசிஸ் இலவசம். ஆனால் கீழே போய்வர ஒரு பகல் முழுக்க ஆகிறது. துணைக்கு வருபவருக்கும் அன்றைய கூலி போச்சு. அதனால் வாரம் இரண்டு, சில வாரம் ஒன்று. கால் வீக்கம், மூச்சு வாங்கல். டயாலிசிஸ் முடிந்த மறுநாளும் எழுந்து நடமாட முடிவதில்லை.

டயாலிசிஸ் டெக்னீஷியன்:
மறுநாளும் படுத்துக்கிடப்பதற்கு முக்கியக் காரணம், உடம்பில் சேர்ந்த நீரை மெஷின் வேகமாக இழுப்பது. உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 13 மி.லி.தான் எல்லை. 50 கிலோ ஆளுக்கு 4 மணி நேரத்தில் 2.6 லிட்டர். ஒரு முறை தவறவிட்டவர் நீர் சேர்ந்து 4, 5 கிலோ ஏறி வருவார். மொத்தத்தையும் ஒரே தடவையில் எடுத்தால் பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் இழுக்கும். பக்கத்துத் தெருக்காரர் என்றால் இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டலாம். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் பாதியிலேயே ஊசியை எடுக்கச் சொல்வார். காலை முதல் ஷிப்ட் கேட்டு வாங்குங்கள்.

இரண்டுதான் முடியும் என்றால் திங்கள், வியாழன் என்று பிரியுங்கள். திங்கள், புதன் வந்தால் அடுத்த ஐந்து நாள் இடைவெளி ஆபத்து. ஒரு நாள் சிறுநீர் அளவோடு 500 மி.லி. சேர்த்து, அவ்வளவுதான் குடிக்கலாம். டீ, கஞ்சி, ரசம் எல்லாம் இதில் அடக்கம். கருவாடு, ஊறுகாய் தொடவே வேண்டாம். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். இவர்களுக்கு அது இதயத்துக்கே வினை.

வயிற்றுவழி:
இந்தத் தூரத்துக்கு சிஏபிடி (மெஷின் இல்லாமல், வயிற்றுக்குள் மருந்து நீரை விட்டு வெளியே எடுக்கும் டயாலிசிஸ்) பற்றி டாக்டரிடம் கேளுங்கள் சார். வயிற்றில் ஒரு குழாய் வைத்து, சுமார் இரண்டு வாரம் ஆறவிட்டு, பிறகு வீட்டிலேயே 2 லிட்டர் மருந்து நீர்ப் பை, ஒரு நாளைக்கு 3 அல்லது 4 முறை மாற்றுவது. ஒரு மாற்றத்துக்கு அரை மணி நேரம். மக்களைத் தேடி மருத்துவம் (2021) திட்டத்தில் பைகளை வீட்டுக்கே தருகிறார்கள்.

கெட்டுப்போவது கைச்சுத்தத்தில்தான். ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்தி, மாஸ்க் போட்டு, சோப்பால் கை கழுவிச் சுத்தமான துணியில் துடைத்த பிறகே குழாயைத் தொட வேண்டும். பையை வெந்நீரில் முக்கிச் சூடாக்கக் கூடாது. ஈரத்தோடு கிருமி வரும். வெளியே வந்த நீரின் பையைச் செய்தித்தாள் மேல் வையுங்கள். எழுத்து தெரியாத அளவு கலங்கியிருந்தால் பையோடு அன்றே மருத்துவமனை. தினமும் புரதம் வெளியேறுவதால் முட்டையின் வெள்ளைக்கரு கண்டிப்பாக வேண்டும்.

கிராமச் செவிலியர்:
சிஏபிடி சரிதான், ஆனால் கணக்குப் போடுங்கள் அண்ணா. ஒரு நாளைக்கு 3 பை என்றால் மாதம் 90 பை, 180 கிலோ. வண்டி போகாத ஊரில் அதைத் தலைச்சுமையாக யார் தூக்குவது? ஓலைக்குடிசையில் தரையில் வைத்தால் எலி கடிக்கும். பைகளுக்குப் பரண், கை கழுவத் தண்ணீர், புகை வராத ஒரு மூலை மூன்றும் உண்டா என்று முதலில் பாருங்கள்.

இல்லையென்றால் மெஷின் டயாலிசிஸ்தான். கழுத்துக் குழாயிலேயே காலம் தள்ளாமல் கையில் ஃபிஸ்டுலா (ஊசி குத்த வசதியாகத் தமனியையும் சிரையையும் இணைக்கும் சின்ன ஆபரேஷன்) போடச் சொல்லுங்கள், பக்குவமாக 6 முதல் 8 வாரம் ஆகும். அந்தக் கையில் ஊசி, பிரஷர் பட்டை, சுமை கூடாது. மஞ்சள் காமாலை பி (ஹெபடைடிஸ் பி வைரஸ்) பாசிட்டிவ் என்றால் தனி மெஷின் வேண்டும், எல்லா ஊரிலும் இருக்காது. மருத்துவமனை மாற்றுவதற்கு முன் அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.