சென்ட்ரலுக்கு வடக்கே வீடு பார்க்கக் கூடாதா?

தென்காசியான்:

வணக்கம். வரும் ஜூன் மாதம் நாங்கள் சென்னைக்குக் குடிபெயர்கிறோம். என் மனைவிக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் செவிலியர் பணி; எனக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. மகள் மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள். வாடகை பதினைந்தாயிரம் ரூபாய் வரை கொடுக்க முடியும்.

மருத்துவமனைக்கு அருகில் இருந்தால் இரவுப் பணிக்கு வசதியாக இருக்கும் என்பதால் ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் பார்க்கலாம் என்று நினைத்தோம். ஆனால் சென்னையில் இருக்கும் உறவினர்கள் அனைவரும், கூடிப் பேசி முடிவெடுத்ததைப் போல, ஒரே பட்டியலை ஒப்பிக்கிறார்கள். சென்ட்ரலைத் தாண்டி வடக்கே போகக் கூடாதாம். வியாசர்பாடி, புளியந்தோப்பு என்ற பெயர்களையே எடுக்கக் கூடாதாம். தெற்கே போனாலும் கண்ணகி நகர், பெரும்பாக்கம் பக்கம் தலைகாட்டக் கூடாதாம். வேளச்சேரி, மடிப்பாக்கம் போன்ற ‘நல்ல’ இடங்களில் பார்க்கச் சொல்கிறார்கள். காரணம் கேட்டால், “வந்தால் உனக்கே புரியும்” என்பதற்கு மேல் ஒருவரும் விளக்கவில்லை.

எங்கும் எழுதப்படாத இந்த விதிகளில் எதை நம்பலாம், எதைத் தள்ளலாம் என்று அங்கே வாழ்ந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வியாசை மகேசு:

நான் பிறந்து வளர்ந்தது வியாசர்பாடி என்பதால் என் பதில் ஒருபக்கச் சார்பானது என்று எடுத்துக்கொண்டாலும் பாதகமில்லை. கால்பந்து, கேரம், கானா, அரிவாள் ஆகிய நான்கைத் தவிர எங்கள் பகுதியில் வேறொன்றும் கிடையாது என்றுதான் நகரத்தின் மற்ற பகுதியினர் நம்புகிறார்கள். துறைமுகத்திலும், ரயில்வேயிலும், பின்னி ஆலையிலும், ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையிலும் உழைத்தவர்கள் தலைமுறைகளாகக் குடியிருந்த இடம் இது. காலையில் எங்கள் வீட்டுப் பெண்கள் தெற்கே போய் சமைக்கவும் துலக்கவும் செய்கிறார்கள், ஆண்கள் அங்கே வண்டி ஓட்டுகிறார்கள், மின்தூக்கி பழுதுபார்க்கிறார்கள். அதற்கெல்லாம் எங்களைத் தவிர்க்க வேண்டும் என்ற விதி இல்லை. நாங்கள் மாலையில் வீடு திரும்பும் இடத்துக்குத்தான் அந்த விதி பொருந்துகிறது.

உங்கள் உறவினர்கள் வாயால் சொல்வதை நிறுவனங்கள் சொல்லாமலே செய்கின்றன. ஒரு வங்கியில் இரு சக்கர வாகனக் கடனுக்கு விண்ணப்பித்தபோது, என் சம்பளச் சீட்டில் குறையில்லை, முகவரிதான் ‘நெகட்டிவ் ஏரியா’வில், அதாவது கடன் கொடுக்கத் தயங்கும் பகுதிகளின் பட்டியலில், வருகிறது என்று அந்த ஊழியர் சங்கடத்துடன் சொன்னார். வேலைக்கான விண்ணப்பத்தில் பெரம்பூர் என்று எழுதிவிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. கண்ணகி நகரின் கதை இதைவிடக் கொடியது. கூவம் கரையிலும் நகரின் நடுப்பகுதியிலும் இருந்த குடிசைகளை அகற்றி, 2000ஆம் ஆண்டு வாக்கிலிருந்து அந்த மக்களைப் பிழைப்புக்கு வழியில்லாத தொலைவில் கொண்டுபோய் அடுக்கிவிட்டு, பிறகு அந்த இடத்துக்குக் குற்றவாளிகளின் இடம் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கண்ணகி நகரிலிருந்துதான் 2025இல் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியின் கார்த்திகா வந்தார்.

நீங்கள் வியாசர்பாடியில்தான் குடியேற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு பெயரைக் கேட்டவுடன் பட்டியலிலிருந்து அடிக்காதீர்கள்.

எழும்பூர்க்காரர்:

மேலே எழுதியவரின் வருத்தத்தை மதிக்கிறேன். ஆனாலும் சிறு குழந்தையுடன் வருபவரிடம், அச்சம் முழுவதும் கற்பனை என்று சொல்வது பொறுப்பாகாது. 2024 ஜூலையில் பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் தம் வீட்டருகே வெட்டிக் கொல்லப்பட்டதை நாடே பார்த்தது. இத்தகைய கொலைகள் பெரும்பாலும் பழைய பகையில் நடப்பவை, புதிதாகக் குடிவருபவரைத் தேடி வருபவை அல்ல என்பதும் உண்மைதான். இருப்பினும் கும்பல்கள் கூடும் தெருவில் குடியிருப்பது ஒரு குடும்பத்துக்கு நிம்மதியைத் தராது. பகலில் மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். இரவு பத்து மணிக்குமேல் ஒருமுறை, டாஸ்மாக் கடை எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையும் சேர்த்து, அந்தத் தெருவை நடந்து பாருங்கள். இந்த அறிவுரை அண்ணா நகருக்கும் பொருந்தும்.

ஏரிக்கரை (ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர்):

இதுவரை ஆட்களைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள். நான் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் சென்னையில் தவிர்க்க வேண்டிய இடங்களுக்கு மெய்யாகவே ஒரு பட்டியல் போடலாம் என்றால் அது வெள்ளம் போட்டுத் தந்த பட்டியல்தான். அதில் உங்கள் உறவினர்கள் பரிந்துரைத்த வேளச்சேரியும் மடிப்பாக்கமும் முன்வரிசையில் நிற்கின்றன.

தென்சென்னைப் புறநகரில் உள்ள முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, முட்டுக்காடு அருகே கடலுக்குப் போக வேண்டும். பல ஆயிரம் ஹெக்டேராகப் பரந்திருந்த அந்தச் சதுப்பு நிலத்தில் இன்று எஞ்சியிருப்பது ஒரு சிறு பங்குதான். 2007இல் காப்புக்காடாக அறிவித்து, 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதியும் கிடைத்தது. அதற்குள் குப்பைக் கிடங்கும், அடுக்குமாடிகளும், மென்பொருள் அலுவலகங்களும் மற்ற இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டன. தண்ணீருக்கு இந்த விற்பனைப் பத்திரங்கள் தெரியாது என்பதால், 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், அது தன் பழைய இடத்துக்கே வந்தது. அடையாற்றின் கரையில் முடிச்சூர், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் ஆகியவை 2015இல் பட்ட பாட்டையும் மறக்க முடியாது. கோட்டூர்புரம் சென்னையின் வசதியான பேட்டைகளில் ஒன்று. எந்த உறவினரும் அதைத் தவிர்க்கச் சொல்லி நான் கேட்டதில்லை.

தியாகராய நகரே 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுந்த ஊர்தான். மேற்கு மாம்பலத்தில் ஏரி போய்விட்டது, லேக் வியூ ரோடு மட்டும் இருக்கிறது.

வடசென்னைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஓட்டேரி நல்லா என்ற கால்வாயை ஒட்டிய தெருக்களிலும், புளியந்தோப்பு, பட்டாளம், கொருக்குப்பேட்டை பகுதிகளிலும் தண்ணீர் தேங்கும். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை மழைக்காலத்தில் மூடப்படுவது வழக்கம். இன்னும் வடக்கே மணலி, எண்ணூர் வட்டாரத்தில் வேறு கவலை இருக்கிறது: எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், உரத் தொழிற்சாலையும், அனல் மின் நிலையங்களும் அங்கேதான் நெருக்கமாக இருக்கின்றன. 2023 டிசம்பர் ஒரே மாதத்தில், வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது, பிறகு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. சிறு பெண் குழந்தைக்கு மூச்சுத் தொல்லை இருக்குமானால் நான் அந்த வட்டாரத்தைத் தவிர்ப்பேன், அங்கே குடியிருப்பவர்களைக் கண்டு பயந்தல்ல.

வீடு பார்க்கும்போது வாசற்படி சாலையைவிட உயரமாக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதால் சாலைக்குக் கீழே போன வீடுகள் இந்த ஊரில் ஏராளம். மின் மீட்டர் எந்த உயரத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதும் ஒரு தடயம். 2015இலும் 2023இலும் தண்ணீர் எதுவரை வந்தது என்பதை வீட்டு உரிமையாளரிடம் கேட்காமல், தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம் கேளுங்கள். கோடையில் குடிநீர் வாரியக் குழாயில் தண்ணீர் வருகிறதா, டேங்கர் லாரிதானா என்பதையும் அவரே சொல்லிவிடுவார். 2019 கோடையில் நகருக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டபோது, பழைய மாமல்லபுரம் சாலையின் விலையுயர்ந்த குடியிருப்புகள் லாரியை நம்பித்தான் நாளை ஓட்டின.

தண்டையார்பேட்டை செல்வி:

நானும் செவிலியர்தான், வேறொரு அரசு மருத்துவமனையில் பணிபுரிகிறேன். நீண்ட காலமாகத் தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறோம். அண்ணா, உங்கள் இருவருக்கும் வேண்டியதை மெட்ரோவின் நீல வழித்தடம் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை அது நீட்டிக்கப்பட்ட பிறகு, தண்டையார்பேட்டையில் ஏறினால் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கலாம். அண்ணியும் அதே தடத்தில் வண்ணாரப்பேட்டையில் இறங்கிக்கொள்ளலாம். மடிப்பாக்கத்திலிருந்து ஸ்டான்லிக்கு இரவுப் பணிக்காக தினமும் போய்வரச் சொல்பவர்கள் ஒருமுறை அந்தப் பயணத்தைச் செய்து பார்க்கட்டும்.

குறைகளும் உண்டு. வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும், ராயபுரத்தின் உள் தெருக்களில் கார் நிறுத்த இடம் கிடையாது, எம்.சி. ரோட்டில் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் துணிக்கடைக் கூட்டத்தைத் தாண்டி ஆம்புலன்ஸ் வருவதே பெரும்பாடு. ஆனால் நள்ளிரவில் பணி முடிந்து வந்தாலும் திண்ணையில் யாராவது விழித்திருப்பார்கள். எனக்கு அதுதான் பாதுகாப்பு. கதவுகள் எல்லாம் அடைத்துக் கிடக்கும் அமைதியான தெருவில் எனக்கு இந்தத் தைரியம் வராது.

இன்னொரு எழுதப்படாத விதியையும் தெரிந்துகொள்ளுங்கள். நல்ல பேட்டை என்று சொல்லப்படும் சில இடங்களில், குறிப்பாக மயிலாப்பூர், மேற்கு மாம்பலம், நங்கநல்லூர் பக்கம், வாடகையைப் பேசும் முன்பே “சைவமா?” என்று கேட்பார்கள், அந்தக் கேள்வி சாப்பாட்டோடு நிற்காது. எந்தப் பேட்டையை நாம் தவிர்க்கலாம் என்று நாம் யோசிக்கும்போதே, நம்மைத் தவிர்க்கும் பேட்டைகளும் இருக்கின்றன.

தென்காசியான்:

அனைவருக்கும் நன்றி. புதுவண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் முதல் மாடி வீடுகளாகப் பார்க்கத் தீர்மானித்திருக்கிறோம். தரகர் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கிறார். அங்கே அதுதான் வழக்கமா?

தண்டையார்பேட்டை செல்வி:

வழக்கம் என்று சொல்லித்தான் கேட்பார்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில் மூன்று மாத வாடகையே வரம்பு; இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் மட்டும் அது மாறும். ஆகவே நீங்கள் ஒப்புக்கொள்ளும் முன் பேரம் பேசுங்கள். எங்கள் பக்கம் ஐந்து மாதத்துக்கு இறங்கி வரும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். தரகரை விட்டுவிட்டு, வாசலில் தொங்கும் ‘வீடு வாடகைக்கு’ அட்டைகளைப் பார்த்தபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தீர்களானால் அவருடைய ஒரு மாதக் கமிஷனும் மிச்சமாகும்.